ஒரு நிலா, இரண்டு பஞ்சாங்கம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கமாக இறங்கும் தோட்டமொன்றில், நான் வளர்ந்த லயத்தில் சித்திரை வருசம் இரண்டு தடவை பிறக்கும். எங்கள் காம்பராவில் திருக்கணித பஞ்சாங்கம், சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். அவர்கள் மருத்துநீர் வைத்து முழுகும்போது எங்கள் வீட்டில் இன்னும் பழைய வருசம் நடந்துகொண்டிருக்கும், அல்லது நாங்கள் முந்திக்கொள்வோம். பத்திரிகைகளும் ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

புத்தாண்டில் வித்தியாசம் சிறிது. சனிப்பெயர்ச்சியில் அது மாதக் கணக்கு. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குள் வந்தது 2023 ஜனவரி 17இல். வாக்கியப்படி 2023 டிசம்பர் 20இல். அடுத்து மீனத்துக்கு வந்ததும் அப்படியே: ஒன்றில் 2025 மார்ச் 29, மற்றதில் 2026 மார்ச் 6. வானத்தில் நிற்பது ஒரே சனி. திருநள்ளாறு வாக்கியத்தின் பக்கம் நிற்பதால் பெரிய கூட்டம் வாக்கியத் திகதியில்தான் கூடுகிறது.

இரண்டில் எது வானத்தோடு ஒத்துப்போகிறது என்பது விடை தெரிந்த கேள்வி. தொலைநோக்கி வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். என்னைப் பல வருடமாக உறுத்துவது வேறொன்று: விடை தெரிந்த பிறகும் ஏன் 150 வருடமாக இரண்டும் சுவரில் தொங்குகின்றன? இதைத் தேடிப் போனால் சென்னை நுங்கம்பாக்கத்தில் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண் வைத்திருந்த ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவரைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகக் குறைவு.

வானியலாளரும் மதமும் மோதிய கதை என்றால் பள்ளிக்கூடம் நமக்குத் தந்த படம் ஒன்றுதான். 1633 ஜூன் 22ஆம் திகதி ரோமில் மண்டியிட்ட கலிலியோ. கொப்பர்னிக்கசின் நூல் வெளிவந்தது 1543இல். திருச்சபை அதில் கை வைத்தது 1616இல். தடைநூல் பட்டியலிலிருந்து அது காணாமல் போக 1835 ஆனது. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் 1577இல் கட்டிய வானாய்வு கூடத்தை 1580இல் சுல்தானின் ஆணை இடித்தது. இந்தக் கதைகளில் எதிரி யாரென்று தெரியும், அவர் கையில் அதிகாரம் இருக்கும், ஒரு தீர்ப்பு நாள் இருக்கும். நம் பக்கத்தில் அப்படியொரு நீதிமன்றம் கூடியதில்லை. ஆகவே நம் பக்கத்தில் எதிர்ப்பே இருக்கவில்லை என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அது சரியில்லை.

499இல் ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரை மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்றார். கிரகணத்துக்குக் காரணம் நிழல் என்றும் சொன்னார். 628இல் பிரம்மகுப்தர் அவரைக் கடுமையாக மறுத்தார். பூமி சுழன்றால் உயர்ந்தவை ஏன் சரிந்து விழவில்லை என்று கேட்டார். இராகு இல்லையென்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறானது என்றார். அதே பிரம்மகுப்தர் கிரகணத்தைக் கணக்கிடும்போது நிழலின் அகலத்தைத்தான் கணக்கிட்டார். இதைப் படித்த அல்பிரூனி, 1030ஐ ஒட்டி எழுதிய தன் இந்தியா பற்றிய நூலில், இத்தனை அறிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று வருந்தி, சோக்கிரதீசுக்கு நேர்ந்ததுபோல் ஏதோ ஒரு நெருக்குதல் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். பின்னால் வந்த உரைகாரர் சிலர் ஆரியபட்டரின் பூமியைச் சுழலவிடாமல் சொல்லையே மாற்றிப் பொருள் கொண்டார்கள். சிறையும் இல்லை, தீயும் இல்லை. உரையிலேயே காரியம் முடிந்துவிட்டது.

இனி வாக்கியம். அதைக் கேலி செய்து தொடங்கும் எந்த ஆய்வையும் நான் நம்புவதில்லை, ஏனென்றால் அது அசாத்தியமான அறிவு. நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர ஏறக்குறைய 27½ நாள். ஒன்பது தடவை அப்படி வந்துபோக 248 நாள். வரருசி பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்களும் 248. நாளுக்கு ஒரு சிறு வாக்கியம். எழுத்துக்கு எண் என்ற கடபயாதி முறையில், அன்று நிலா எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது அந்த வாக்கியத்துக்குள் இருக்கும். 248 நாளில் மிஞ்சும் சிறு பிசகைத் திருத்த 3,031 நாள் சுற்று, 12,372 நாள் சுற்று என்று மேலும் உண்டு. பாட்டுப்போல மனனம் செய்துவிட்டால் ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம்.

1825இல் ஜோன் வாறன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, ஒரு எண்ணும் எழுதாமல், சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆண்டு மே 31 இரவுக் கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. சோழியை வைத்து நிலாவை ஒரு மணி நேரத்துக்குள் பிடித்த மனிதர் அவர்.

ஆனால் சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு நிலாவின் போக்கை நெளியச் செய்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த நெளிவு பழைய வாய்பாட்டுக்குள் தானாக அடங்கிவிடும். கிரகணம் வருவதும் அந்த இரண்டு நாளில்தான். அட்டமியை ஒட்டிய நாட்களிலோ நிலா, வாய்பாடு சொல்லும் இடத்திலிருந்து 2 பாகைக்கு மேலும் விலகி நிற்கக்கூடும். சூரியனிடமிருந்து ஒரு பாகை விலக நிலாவுக்குச் சுமார் 2 மணி நேரம் வேண்டும். ஆகத் திதி 4, 5 மணி நேரம் தள்ளிப்போகும். விரதத்தையும் திவசத்தையும் தீர்மானிப்பது பெரும்பாலும் சூரிய உதயத்தில் நிற்கும் திதி, அல்லது குறித்த ஒரு பொழுதில் நிற்கும் திதி. சில மணி நேரம் பிசகினால் ஒரு நாளே மாறிவிடும்.

சாதாரண மனிதர் கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியது கிரகணம் ஒன்றுதான். அதில் பழைய கணக்கு பெரும்பாலும் தேறிவிடுகிறது. திதியில் தவறுகிறது, ஆனால் திதி கண்ணுக்குத் தெரியாது. இதனால்தான் இந்த வழக்கு ஊர் மக்கள் முன்னால் தீராமலே போனது என்பது என் முடிவு.

யாழ்ப்பாணத்தில் இது வேறு உருவம் எடுத்தது. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. அதை நடத்திய டானியல் பூவர் பாதிரியார், 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் தந்த கணக்கைத் தன் கணக்கோடு ஒப்பிட்டார். தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு எல்லாவற்றிலும் வித்தியாசம். அதை முன்கூட்டியே ஊருக்கு அறிவித்தார். அன்றிரவு வானம் பூவர் சொன்னபடி நடந்தது.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது வானியல் பாடமாக இருந்திருக்கும். மிஷன் அடுத்த அடியும் எடுத்து வைத்தது. பஞ்சாங்கம் பிழை, கந்தபுராணத்து அண்டகோசப் படலம் சொல்லும் மேருவும் ஏழு கடலும் பிழை, ஆகவே சமயமே பிழை என்று வாதாடியது. விசுவநாத சாஸ்திரியாரின் கணிதம் அண்டகோசப் படலத்திலிருந்து வந்ததல்ல. அது சித்தாந்த மரபின் பிள்ளை. சித்தாந்தத்தில் பூமி உருண்டை, கிரகணம் நிழல். இதை மிஷனில் சிலர் அறிந்தும் இருந்தார்கள். அங்கே அதிபராக இருந்த ஹொய்சிங்டன் 1848இல் வெளியிட்ட ‘ஓரியண்டல் அஸ்ட்ரோனமர்’ இந்துக் கணித மரபை மதிப்போடு விளக்கும் நூல்தான். ஆயினும் ஊருக்குள் பதிந்த செய்தி வேறு: தொலைநோக்கியைத் தொட்டால் ஞானஸ்நானம் வரை இழுத்துப்போகும். வானம் வேதக்காரர் கையில் வந்ததால் வானத்தையே சந்தேகிக்க வேண்டியதாயிற்று. இது யாழ்ப்பாணத்து வானியலுக்கு நேர்ந்த பெரிய நட்டம் என்று நான் நினைக்கிறேன்.

தென்னிலங்கையிலும் இதே பாடம்தான். 1873 ஆகஸ்டில் நடந்த பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவத் தரப்பினர் மேரு மலையைக் காட்டிப் பௌத்தத்தை மடக்கப் பார்த்தார்கள். மிகெட்டுவத்தே குணானந்த தேரர், நியூட்டனை மறுத்து மொறிசன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலைக் கையில் எடுத்து, உங்கள் ஆட்களே ஒத்துப்போகவில்லையே என்று திருப்பி அடித்தார். மேடையில் வென்றவர் அவர். அன்று தோற்றது எது என்று கேட்டால், நியூட்டனைப் பற்றி அந்த ஆயிரக்கணக்கானவர்கள் அமைதியாகக் கேட்டறிய இருந்த வாய்ப்பு என்றுதான் சொல்வேன்.

ரகுநாதாச்சாரியின் நிலை இந்த இரண்டிலும் சேராது. அவர் வெளியிலிருந்து வரவில்லை. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். கிழக்கிந்தியக் கம்பனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வு கூடத்தில் இளமையிலேயே வேலைக்குச் சேர்ந்து, நோர்மன் பொக்சனின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தார். அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளவில் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே 1867இல், ரெட்டிகுலம் என்ற தென்வானக் கூட்டத்தில் ஒரு விண்மீன் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. மறு ஆண்டு ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குக் குழுவொன்றை நடத்திப் போனார். 1872இல் லண்டன் ரோயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர்.

அதே ஆண்டுகளில்தான் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். மன்னாரில் இறங்கி வன்னிக் காட்டைத் தாண்டி மலை ஏறியவர்கள் மாரியம்மனைக் கொண்டு வந்தார்கள், காமன் கூத்தைக் கொண்டு வந்தார்கள், ஊரில் நோற்ற விரதத்தையும் கொண்டு வந்தார்கள். இங்கே தப்பு அடித்ததும் பிரட்டுக்குப் போக வேண்டும். வேலை நாள் துரையின் கடிகாரத்தில் ஓடியது. அவர்களுக்கென்று மிஞ்சிய காலம் பஞ்சாங்கத்தில் இருந்தது மட்டும்தான். அதில் ஒருவர் கை வைத்தால் மனம் எப்படிப் பதறும் என்பதை இந்த மலையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ரகுநாதாச்சாரி அதில்தான் கை வைத்தார். இரவில் தொலைநோக்கியில் பார்த்த நிலா, பகலில் வாக்கியம் சொன்ன இடத்தில் இல்லை. பார்த்ததை மறைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. கடலோடிகளுக்காக லண்டனில் அச்சான நாவிகப் பஞ்சாங்கத்தின் துணையோடு திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிடத் தொடங்கினார். இந்தத் ‘திரு’வைப் பலரும் மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். அது ‘திருக்’, அதாவது கண், பார்வை. பார்வையோடு ஒத்த கணிதம் என்பது பொருள். பெயரும் அவர் புதிதாகச் சூட்டியதல்ல. கேரளத்துப் பரமேசுவரர், பல ஆண்டுகளாகக் கிரகணங்களைப் பார்த்துக் கணக்கைத் திருத்தி, 1431இல் எழுதிய நூலின் பெயரே திருக்கணிதம். பார்த்துத் திருத்துவது நம் மரபுக்கு உள்ளேயே இருந்த முறை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பண்டிதர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் பிடிவாதம் இல்லை. ஒரு திதி சராசரியாக 60 நாழிகைக்குச் சற்றுக் குறைவு. கூடினால் 5 நாழிகை கூடும், குறைந்தால் 6 நாழிகை குறையும் என்பது பழைய வரம்பு. திருக்கணிதத்தில் திதி 67 நாழிகை வரை நீளும், 50 வரை சுருங்கும். விரதத்துக்கும் சிராத்தத்துக்கும் எழுதிய தர்மசாஸ்திர விதிகள் பழைய வரம்பை மனதில் வைத்து எழுதியவை. புதிய திதியைப் பொருத்தினால் சில நாட்களில் விதியே முட்டி நிற்கும். அதோடு, முன்னோர் எந்தக் கணக்கில் பிண்டம் வைத்தார்களோ அந்தக் கணக்கில் வைத்தால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற உணர்வு. அப்பாவின் திவசத்தை இத்தனை வருடமும் தவறான நாளில் செய்தாய் என்று ஒரு மகனிடம் சொல்வது, பூமி சுற்றுகிறது என்று சொல்வதைவிடக் கொடியது. ஐரோப்பாவில் மோதல் மனிதனின் இடம் எது என்பதில் நடந்தது. இங்கே செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் நாள் எது என்பதில் நடந்தது.

அவர் சண்டைக்கு நின்றவராக எனக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொல்ல முயன்றவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் அரிய காட்சிக்காக ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலம், கன்னடம், உருது என்று பல மொழிகளில் அது வந்தது. சித்தாந்தி ஒருவரோடு நடக்கும் உரையாடலாக அதை அமைத்தார். கலிலியோவும் உரையாடலாகவே எழுதினார், அதில் எதிராளியை ஒன்றும் தெரியாதவராக ஆக்கி வினையை வாங்கிக்கொண்டார். ரகுநாதாச்சாரி பழைய கணிதம் அறிந்தவரையே பேச வைத்தார். யாரை இழக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மவர் நடத்தும் வானாய்வு கூடம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். ‘ஜோதிஷ சிந்தாமணி’ என்று பெருநூல் ஒன்றும் திட்டமிட்டார். 1880 பெப்ரவரியில் இறந்துபோனார். 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு ஏறியது.

அவர் காலத்திலேயே ஒடிசாவின் கண்டபடாவில் சாமந்த சந்திரசேகரர் என்ற இன்னொருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். மூங்கிலாலும் மரத்தாலும் தானே செய்த கருவிகள், சமஸ்கிருதத்தில் ‘சித்தாந்த தர்ப்பணம்’, அது அச்சானது 1899இல். அவர் திருத்திய கணக்கைப் பூரி ஜெகந்நாதர் கோவில் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரும் வைதிக மரபில் நின்றவர்கள், இரண்டு பேரும் பார்த்துத் திருத்தியவர்கள். வித்தியாசம், ஒருவர் கணக்கு மூங்கிலிலிருந்து வந்தது, மற்றவர் கணக்கு வெள்ளைக்காரன் கட்டடத்திலிருந்து வந்தது. இன்னொன்றும் உண்டு. பூரியில் ஒரே பெருங்கோவில் தலையசைத்தால் போதும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அப்படித் தலையசைக்க ஒரு தலை இல்லை. ஒவ்வொரு கோவிலும் தனித் தலை, ஒவ்வொரு பஞ்சாங்கமும் தனிக் குடும்பம். இந்திய அரசு 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955இல் தெளிவான அறிக்கை தந்த பிறகும் வாக்கியம் அச்சாவது நிற்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொக்குவில் இரகுநாதையர் வாக்கியமும் மட்டுவில் திருக்கணிதமும் சேர்ந்தே வருகின்றன. அங்கிருந்து ஹற்றன் வழியாக எங்கள் பண்டாரவளைக் கடைகளுக்கும் வந்து சேருகின்றன.

திருக்கணிதம்தான் சரி என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நிலா எங்கே நிற்கிறது என்பதை நிலாவிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியப்பாவிடம் மட்டும் இதை வாதாடியதில்லை.

2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையமாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சூரியன் பெரும்பகுதி மறைந்து மெல்லிய பிறையாக நின்றது. லயத்தில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். முதல் காம்பரா அப்பாயி பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தி, இஸ்தோப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரகணம் விட்டால் விழும் என்பது கணக்கு. நான் பிள்ளைகளைச் சவுக்கு மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினேன். இலை இடுக்குகளில் புகுந்து விழுந்த வெயில் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு பிறை. நூற்றுக்கணக்கில் பிறைகள், காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. சத்தம் கேட்டு அப்பாயி உலக்கையை விட்டுவிட்டு இறங்கி வந்தார். குனிந்து, ஒரு பிறையைக் கைக்குள் பிடிப்பதுபோல உள்ளங்கையை நீட்டினார். அது கையிலும் விழுந்தது.

“இது மறுபடி எப்ப வரும் தம்பி?”

“அடுத்த வருசம் ஜூன் 21, அப்பாயி. இவ்வளவு மறையாது.”

“எந்தப் பஞ்சாங்கப்படி?”

“ரெண்டுப்படியும்,” என்றேன்.